ஆருடைய கைப்பக்குவம்?

"நிறைகளைப் பிறரிடம் சொல்லுங்கள், குறைகளை எங்களிடம் சொல்லுங்கள்."

தமிழர் வாழும் ஊர்களிலே தேநீர்க் கடைகளிலும் சலூன்களிலும் இந்த வாசகம் தாங்கிய பலகையைக் காணாதார் இலர். கொடிகாமத்திலும் நாம் அதனைக் கண்டிருக்கிறோம். புகை படிந்து, எழுத்து மங்கி, முதலாளியின் தலைக்கு மேலே சாமி படத்துக்கு அருகில் அது தொங்கும். விளம்பரக் கலையைப் பற்றி மேல்நாட்டார் எழுதிக் குவித்த நூல்களின் சாரம் அந்த ஆறு சொற்களுள் அடங்கிவிடுகிறது எனலாம். பத்திரிகையில் அரைப் பக்கம் பிடிக்கப் பணமில்லாதவன், வானொலியில் தன் கடைப் பெயரைப் பாட்டாகப் பாடுவிக்க வழியில்லாதவன், வாங்க வந்தவனின் நாவையே கடனாகக் கேட்கிறான். வட்டியில்லாத கடன் அது.

சிறு தொழில் செய்வாருக்கு வாய்ச்சொல்லே முதல் என்பதை நாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. நாலு பேர் வாயில் விழுந்து வளரும் அந்தப் புகழ், அதை உழைத்து உண்டாக்கியவரின் கைக்குத் திரும்பி வருகிறதா? வராவிட்டால், வழியில் அதை மறித்து நிற்பவர் யார்? இதற்கு விடை தேடி நாம் அமெரிக்கா வரை போகத்தான் போகிறோம். ஆயினும் புறப்படும் இடம் கொடிகாமம் சந்தை.

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கி வருவோர் சாவகச்சேரியையும் மீசாலையையும் கடந்து கொடிகாமத்தை அடைவர். பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி இங்கேதான் பிரிகிறது. புகைவண்டி நிலையமும் உண்டு. ஊர்ப்பெயரில் உள்ள 'காமம்' கிராமம் என்பதன் திரிபு என்பது பெயராய்வாளர் கருத்து. மாணவர்கள் அச்சொல்லைக் கேட்டுச் சிரிக்கும்போதெல்லாம் நாம் இந்த விளக்கத்தைச் சொல்லித் தப்புவது வழக்கம். மாவும் பலாவும் தென்னையும் பனையும் செழித்த தென்மராட்சியின் விளைச்சல் வந்து குவியும் இடம் அது. பருவ காலத்தில் சந்தை வாசலுக்கு வருமுன்னரே பலாப்பழ வாசனை வந்து நம்மை எதிர்கொள்ளும்.

கறுத்தக்கொழும்பான் என்ற மாம்பழத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு எந்தக் கம்பனியும் விளம்பரம் செய்ததில்லை. தின்றவர் தின்னாதவருக்குச் சொல்ல, அவர் கொழும்பிலுள்ள உறவினருக்குச் சொல்ல, இன்று கடல் கடந்த நாடுகளிலும் அந்தப் பெயரைச் சொன்னால் நாவில் நீர் ஊறும் தமிழர் உள்ளனர். ஆனால், அந்த மரத்தை நட்டுத் தண்ணீர் ஊற்றிய கிழவரின் பெயரை அவர்களுள் ஒருவரேனும் அறிவாரா? பழத்துக்குப் பெயர் உண்டு, விளைவித்தவருக்கு இல்லை. பெயரற்றவரிடம் விலை பேசுவது எளிது. யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் விவசாயி கொண்டுவரும் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று கழித்துவிட்டு மிகுதிக்கே காசு கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அதை நிறுத்தும்படி விவசாயிகள் பன்முறை குரல் எழுப்பியிருக்கிறார்கள். அந்தப் பத்துக் கிலோவும் கெட்டழிந்து போவதில்லை என்பது குழந்தைக்கும் தெரியும். ஊரெல்லாம் புகழும் பழத்துக்கே இந்த நிலை!

முன்னாளில் இந்தச் சந்தையின் வாயாக இருந்தது தட்டிவான். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய அந்த வண்டியை இன்றைய மாணவர்கள் படத்தில்தான் பார்த்திருப்பர். மரத்தால் கூடு கட்டிய பழைய வண்டி. பின்புறத்துத் தட்டியைத் திறந்து சங்கிலியில் தொங்கவிட்டு, அதன்மேல் மூட்டையும் கடகமும் ஏற்றுவர். உள்ளே எதிரும் புதிருமாக வியாபாரப் பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். இன்ன வளவில் தேங்காய் மலிவு, இன்னாரிடம் வாங்கிய ஒடியலில் பூச்சி, இன்ன கடைக்காரன் தராசில் விரல் வைக்கிறான் என்று பருத்தித்துறைக்குப் போய்ச் சேருமுன் தென்மராட்சியின் வர்த்தகம் முழுவதும் அங்கே விசாரணைக்கு வந்து தீர்ப்பும் ஆகிவிடும். அந்த நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கிடையாது. புகழுரை மட்டுமே பேசும் இன்றைய விளம்பரத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: சொல்பவளும் வாங்குகிறவள், நாளைக்கும் அதே வண்டியில் வரவேண்டியவள். பொய் சொன்னால் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் பெருகிய பின் தட்டிவானின் காலம் ஏறத்தாழ முடிந்துபோயிற்று.

போர்க் காலத்தில் வாய்ச்சொல்லின் வலிமையை இந்த மண் வேறு விதமாகக் கண்டது. 1990இல் புகைவண்டி நின்றது, பொருளாதாரத் தடை வந்தது, மின்சாரம் அற்றுப்போயிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு வந்தபோது, எந்தக் கடையில் அரிசி, எந்த வளவில் நல்ல தண்ணீர், யாரிடம் மண்ணெண்ணெய் என்பதை வாய்தான் சொல்லியது. பேச்சு மட்டுமே சந்தையாக இருந்த நாள்கள் அவை. 2000ஆம் ஆண்டு தென்மராட்சியின் முறை வந்தது. சாவகச்சேரி கற்குவியலாயிற்று, நாமும் பையன் பருவத்தில் ஒரு துணிப் பையுடன் ஓடினோம். 2002இல் யுத்த நிறுத்தம் வந்த பிறகு மக்கள் திரும்பியபோது பலருக்குக் கூரை இல்லை, கிணற்றைச் சுற்றி மிதிவெடி அச்சம். அப்படித் திரும்பியவர்களுள் ஒருவரைப் பற்றித்தான் இனிச் சொல்லப் போகிறோம். அவருடைய மகன் நம்மிடம் உயர்தர வகுப்பில் தமிழ் படித்தான். பெயர் வேண்டாம்.

கணவரை இழந்த அந்த அம்மா மிளகாய்த்தூள் செய்து விற்கிறார். யாழ்ப்பாணத்தில் 'தூள்' என்றாலே அதுதான். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்று எல்லா வீட்டிலும் ஒரே சாமான்கள்தாம். எனினும் இரண்டு வீட்டுத் தூள் ஒன்றுபோல் இராது. மல்லியை எந்தப் பதத்தில் அடுப்பிலிருந்து இறக்குவது, மிளகாயைக் கருகவிடாமல் எவ்வளவு நேரம் வறுப்பது என்பதில் இருக்கிறது எல்லாம். வறுக்கும்போது எழும் நெடியில் அரைமணி நேரம் நின்றவருக்கே அந்த வேலையின் அருமை தெரியும். கண் சிவந்து, இருமி இருமி, அவர் கிழமைக்கு இருமுறை வறுத்து ஆலையில் கொடுத்து அரைப்பித்து எடுக்கிறார்.

"நல்லாயிருந்தா நாலு பேருக்குச் சொல்லுங்கோ சேர். இல்லாட்டி எனக்குச் சொல்லுங்கோ, திருத்திறன்," என்று முதன்முறை பொட்டலத்தைக் கையில் தந்தபோது சொன்னார். தேநீர்க் கடைப் பலகையின் அதே வாசகம், பலகை வாங்கவும் காசில்லாத ஒருவரின் வாயிலிருந்து!

2022இன் நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். செத்தல் மிளகாயின் பெரும் பகுதி இந்தியாவிலிருந்து வருவது. டொலர் இல்லை, விலை ஏறியது. ஒரு கட்டத்தில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போயிற்று, அரைக்கும் ஆலை ஓடவில்லை. பெரிய வியாபாரிகள் சிலர் என்னென்ன கலந்தனர் என்பது அவரவர் மனச்சாட்சிக்குத் தெரியும். இந்த அம்மா விலையை ஏற்றினார். ஆனால் அளவையும் சேர்மானத்தையும் மாற்றவில்லை. ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் போய், "காய் விலை கூடிப்போச்சு, கலப்படம் செய்ய மனமில்லை, அரைக் கிலோ எடுக்கிறவை கால் கிலோ எடுங்கோ," என்று சொல்லிவிட்டு வந்தார். அறத்தைப் போதிக்க அவர் இதைச் செய்யவில்லை. ஒரு முறை கலந்தால் ஒரு கிழமைக்குள் ஊர் அறியும், அதன்பின் அடுப்பு எரியாது என்பது அவருக்குத் தெரியும். பெருங்கம்பனியின் பொருள் கெட்டால் இன்னொரு பெயரில் இன்னொரு பொட்டலம் வரும். இவருக்கு உள்ளது ஒரே பெயர்.

இதுவரை வாசித்த அன்பர்கள், உழைப்பும் நேர்மையும் இருந்தால் வாய்ச்சொல் தானே வளர்க்கும் என்று நாம் முடிக்கப்போவதாக எண்ணலாம். அப்படி முடிக்க நம்மால் இயலவில்லை.

நாம் படிப்பிக்கும் பாடசாலை ஒன்றின் ஆசிரியர் அறையில், ஒரு நாள் மதியம், அந்தத் தூளில் சமைத்த மீன் குழம்பை நாலைந்து பேர் பகிர்ந்து உண்டோம். ஒரு சக ஆசிரியை வாயாரப் புகழ்ந்தார். "ஆருடைய கைப்பக்குவம்? எனக்கும் ஒரு கிலோ எடுத்துத் தாங்கோ," என்றார். வீடு இருக்கும் இடத்தைச் சொன்னோம். அந்தக் குறிச்சியின் பெயர் காதில் விழுந்ததும் முகத்தில் ஒரு மாற்றம். "வீட்டிலை இன்னும் தூள் கிடக்குது, முடியட்டும் பாப்பம்," என்றார். குழம்பு பாத்திரத்தில் மிச்சமிருந்தது. அவர் கை கழுவ எழுந்துவிட்டார். அவர் கெட்டவரல்லர். மாணவர்க்குத் தம் சம்பளத்தில் கொப்பி வாங்கிக் கொடுப்பவர். அதனால்தான் அந்தக் காட்சி நம்மை அதிகம் வருத்தியது.

'ஆருடைய கைப்பக்குவம்?' என்ற கேள்வி யாழ்ப்பாணத்தில் இரண்டு கேள்விகள். ஒன்று திறமையைக் கேட்பது. மற்றது சாதியைக் கேட்பது. இரண்டும் ஒரே சொற்களில் வருவதால் கேட்பவருக்கே சில வேளைகளில் தாம் எதைக் கேட்கிறோம் என்பது தெரியாது. தாழ்த்தப்பட்ட மக்கள் இறக்கிய கள்ளை எவரும் குடிப்பர். அவர்கள் பிளந்த விறகில் எவர் வீட்டு அடுப்பும் எரியும். அவர்கள் பிடித்த மீன் எவர் சட்டியிலும் வேகும். ஆனால் அவர்கள் ஆக்கிய சோறு? நெருப்புப் பட்ட பொருள் என்று வந்ததும் சுவை பேசாது, சாதி பேசும். இதே குடாநாட்டில் தேநீர்க் கடைகளுக்குள் அவர்களை அமரவிடாமல் வெளியே நிறுத்தி, வேறு பாத்திரத்தில் தேநீர் ஊற்றிக் கொடுத்த காலம் நம் பெற்றோர் நினைவில் இருக்கிறது. 1950களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் அக்கடைகளுக்குள் நுழைந்து போராடினர். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. கடையில் தேநீர் மறுப்பதைச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. 'வீட்டில் இன்னும் தூள் கிடக்கிறது' என்பதை எந்தச் சட்டத்தால் குற்றமாக்க முடியும்?

வாய்ச்சொல் வாணிபத்தைப் புகழ்ந்து எழுதுவோர் கவனிக்க மறப்பது இதைத்தான். சொல் காற்றில் பரவுவதில்லை, உறவில் பரவுகிறது. கல்யாண வீட்டில், கோயில் வீதியில், கிணற்றடியில், யார் யாரோடு அமர்ந்து பேசுகிறார்களோ அந்த வட்டத்துக்குள்ளேதான் அது ஓடும். வட்டம் சாதியால் வரையப்பட்டிருந்தால் சொல்லும் அங்கேயே நிற்கும். அந்த அம்மாவின் தூளுக்குக் குறிச்சிக்குள் நல்ல பெயர்; அங்கே வாங்கும் சக்தி குறைவு. வாங்கும் சக்தி உள்ள வட்டத்துள் நுழையச் சொல்லுக்கு வழியில்லை.

வெளியூருக்குப் போனால் இந்தத் தடை இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். 2014இல் புகைவண்டி மீண்டும் ஓடத் தொடங்கிய பின் கொழும்புக்குப் பொட்டலம் போவது எளிதாயிற்று. அங்கிருந்து லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போகிறது. அங்குள்ளவர்கள் குறிச்சி கேட்பதில்லை. ஆனால் அங்கே வேறொரு வித்தை நடக்கிறது. ஒரு வியாபாரி அந்த அம்மாவிடம் மொத்தமாக வாங்கி, தம் பையில் கட்டி, 'கொடிகாமம் வீட்டுத் தூள்' என்று பெயர் ஒட்டி, கொடுத்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விற்றார். உறையில் ஒரு பாட்டி சிரித்துக்கொண்டு உரல் இடிக்கும் படம்! வெளிநாட்டில் வாங்கியவர்கள் தொலைபேசியில் உறவினருக்கு அப்பெயரைச் சொல்ல, உறவினர் வேறு உறவினருக்குச் சொல்ல, வியாபாரம் வளர்ந்தது. புகழ் முழுவதும் உறைக்குச் சேர்ந்தது. ஊரில் பெயரைக் கேட்டு ஒதுக்கினர். வெளியில் பெயரை அழித்து விற்றனர். இரண்டிடத்திலும் இழந்தவர் ஒருவரே.

வாயின் வலிமையை முதலாளித்துவம் அறியாததல்ல. 1945இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் டெக்கேற்றர் என்ற நகரில் எண்ணூறு பெண்களைச் சந்தித்து, வீட்டுச் சாமான், உடை, திரைப்படம் ஆகியவற்றை யார் சொல்லித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தனர். பத்தாண்டு கழித்து, 1955இல், கட்ஸ், லசார்ஸ்பெல்ட் என்னும் இருவர் அதை நூலாக வெளியிட்டனர். பத்திரிகையையும் வானொலியையும்விட அயலவரின் வார்த்தைக்கே வலு அதிகம் என்பது அவர்கள் கண்ட முடிவு. கொடிகாமம் தட்டிவானில் ஒரு நாள் பயணம் செய்திருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும் என்பது நம் எண்ணம். அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததில் முதன்மையானது ஒரு சஞ்சிகை நிறுவனம் என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும்.

அதே காலத்தில் அங்கே டப்பர்வெயர் என்ற பிளாஸ்டிக் பாத்திரக் கம்பனி 1951இல் கடை விற்பனையைக் கைவிட்டு, வீட்டுப் பெண்கள் அயலவரைக் கூட்டி விருந்து வைத்து விற்கும் முறைக்கு மாறியது. அம்முறையை நாடெங்கும் பரப்பி வளர்த்தவர் பிரௌனி வைஸ் என்ற பெண்மணி. 1954இல் ஒரு பெரிய வர்த்தக வார இதழ் தன் அட்டையில் அவர் படத்தை இட்டது. 1958 தொடக்கத்தில் கம்பனி அவரை வெளியேற்றியது. அவரிடம் ஒரு பங்கும் இல்லை. அதே ஆண்டில் உரிமையாளர் கம்பனியை 1 கோடி 60 இலட்சம் டொலருக்கு விற்றார். அயலவரிடையே உள்ள அன்பும் நம்பிக்கையும் எவ்வாறு காசாக மாற்றப்படுகின்றன, காசு எவர் பைக்குப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? நம் நாட்டில் இதன் அழுகிய வடிவம் ஆளைச் சேர்த்து ஆளைப் பிடிக்கும் 'பிரமிட்' திட்டங்கள். வங்கிச் சட்டம் அவற்றைத் தடை செய்திருக்கிறது. மத்திய வங்கி அடிக்கடி எச்சரிக்கிறது. அவற்றில் விற்கப்படும் சரக்கு ஒன்றே: மைத்துனர் மைத்துனர்மேல் வைத்த நம்பிக்கை.

நம் மண்ணில் இதற்கு நேர்மாறான ஒரு சிறு தொழிலும் நடந்திருக்கிறது. 1966 ஓகஸ்டில் டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தது கஸ்தூரியார் வீதியில் ஒரு சலூன். இதழை அச்சிட்டு, தாமே கையில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகச் சென்று, காண்போரிடமெல்லாம் பேசி விற்றார். தம் தொழிலையோ பிறப்பையோ அவர் மறைத்ததில்லை. மறைக்கச் சொன்னவர்களுக்கு மேடையிலேயே பதில் சொன்னார். 2021இல் அவர் காலமானார். அந்த இதழை வாங்கிய பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர், வேறு எந்தக் காரியத்துக்கும் அவர் வீட்டுப் படலையைத் திறந்திருக்க மாட்டார்கள். பொருளையும் பெயரையும் ஒரே கையில் ஏந்திக்கொண்டு ஒருவர் முகத்துக்கு நேரே வந்து நின்றால், 'பிறகு பாப்பம்' என்று சொல்வது அவ்வளவு எளிதாயில்லை போலும்.

சென்ற தவணை விடுமுறையில் அந்த அம்மாவின் மகன் நம்மிடம் வந்தான். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. உறையில் அச்சிட ஒரு வாசகம் எழுதித் தரும்படி கேட்டான். நாம் அடுக்குமொழியில் ஏதோ எழுதிக் காட்ட, அவன் மரியாதையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "சேர், அம்மான்ரை பேரும் குறிச்சிப் பேரும் மட்டும் போடுவமெண்டு நினைக்கிறம்," என்றான். முந்நூறு உறை அச்சிட்டார்கள். வழக்கமாக வாங்கும் வியாபாரி பார்த்துவிட்டு, "ஊர்ப்பேர் காணும் அம்மா, மற்றது எதுக்கு? இதோடை எடுத்தா எனக்குத்தான் கரைச்சல்," என்றாராம். பழைய வெறும் பையில் தந்தால் அதே விலைக்கு எடுப்பதாகவும் சொன்னார். அந்த அம்மா தராசில் வைத்த பன்னிரண்டு கிலோவையும் திருப்பி எடுத்து உமலில் கட்டி, பருத்தித்துறை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்.

நெல்லியடியில் இறங்கி, வீட்டுப் படலைகளில் நின்று விற்கிறார். சில வீடுகளில் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுக்கிறார்கள். சில வீடுகளில் வாங்குகிறார்கள். முந்நூறில் நூற்று எண்பது உறை முடிந்துவிட்டதென்று மகன் தகவல் அனுப்பியிருக்கிறான். மறுபடியும் அச்சிடுவதென்றால் ஐந்நூறாக அடித்தால்தான் அச்சகத்தில் விலை குறையுமாம். அதற்கு முற்பணம் சேர்க்க வேண்டும். நம் ஆசிரியர் அறையில் இப்போது நால்வர் வாங்குகிறார்கள். அந்தச் சக ஆசிரியை இன்னும் வாங்கவில்லை. அவர் மேசைமீது ஓர் உறையை வைத்திருக்கிறோம், பெயர் மேலே தெரியும்படி.